பெட்ஸ் போனார், டெவர்ஸும் போனார்: ட்ரேடு செய்திகளோடு ஒரு ரெட் சாக்ஸ் ரசிகை

ஓர் ஆட்டக்காரர் அணி மாறுகிறார் என்று செய்தி வந்ததும் நான் முதலில் தேடுவது அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்பதைத்தான். பேட்டிங் சராசரி, ஹோம் ரன் கணக்கெல்லாம் அப்புறம். பாஸ்டன் பக்கம் குடிவந்து அந்த ஊர் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் மேல் பைத்தியமான பிறகு நான் கற்றுக்கொண்டதில் மிகவும் உதவியது இந்தப் பழக்கம். பிடித்தவர் போனால் வலிக்கத்தான் செய்யும், அதற்கு மருந்து கிடையாது. ஆனால் ஏன் இவர், ஏன் இப்போது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும்போது பாதிப் பதில் அந்த எண்ணில் கிடைத்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கும்போது ஐபிஎல்லில் இருந்து ஆரம்பிப்பேன். 2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது எத்தனை பேருக்கு மனசு கேட்கவில்லை! அங்கேயாவது ஆட்டக்காரர் சம்மதித்தால்தான் ட்ரேடு. மேஜர் லீக் பேஸ்பாலில் பெரும்பாலானவர்களுக்கு அந்த உரிமை இல்லை. என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேஜர் லீகில் 10 வருஷம் ஆடி, அதில் கடைசி 5 வருஷம் ஒரே அணியில் இருந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு ஃபோன் வரும். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மேஜர் லீகுக்கு வந்தவர் 6 வருஷ சர்வீஸ் முடிக்கும் வரை அணியின் பிடியில் இருப்பார். முதல் 3 வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். அடுத்த 3 வருஷம் ஆர்பிட்ரேஷன்; சம்பளத்தில் இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் நடுவர் குழு தீர்ப்புச் சொல்லும். அதற்கு மேல் ஃப்ரீ ஏஜென்ட், யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். ஆக, கடைசி வருஷத்தில் நிற்கிற நட்சத்திரம் நீண்ட ஒப்பந்தத்துக்கு இசையவில்லை என்றால் அணிக்கு இரண்டே வழி. அந்த ஒரு வருஷம் ஆடவிட்டு வழியனுப்பலாம். அல்லது கையில் இருக்கும்போதே கொடுத்துவிட்டு இளம் ஆட்டக்காரர்களை வாங்கலாம்.

மூக்கி பெட்ஸ் விஷயத்தில் நடந்தது இதுதான். 2018ல் 108 ஆட்டங்களில் வென்று வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் பட்டத்தையும் தட்டிக்கொண்டு வந்த அணியின் உயிர் அவர். அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று) எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர். ரைட் ஃபீல்டில் அவர் ஓடிப் பிடிப்பதைப் பார்ப்பதற்கென்றே அந்தப் பக்கம் டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு, நானும் அதில் ஒருத்தி. 2020 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். அப்போது ஒப்பந்தத்தில் பாக்கி ஒரே வருஷம், அதற்குச் சம்பளம் 2.7 கோடி டாலர். அணியின் மொத்தச் சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் சொகுசு வரி கட்ட வேண்டும்; அந்த வரம்பு அந்த வருஷம் 20.8 கோடி டாலர். முந்தைய இரண்டு வருஷமும் ரெட் சாக்ஸ் வரம்பைத் தாண்டியிருந்தது. மூன்றாவது வருஷமும் தாண்டினால் வரி விகிதம் இன்னும் ஏறும். அதனால்தான் பெட்ஸோடு சேர்த்து பிட்சர் (பந்து எறிபவர்) டேவிட் பிரைஸையும் அனுப்பினார்கள். அவருக்கு 3 வருஷத்தில் 9.6 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. அதில் பாதியைப் பாஸ்டனே ஏற்றது.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரிகிறது. ஏற்க முடியவில்லை, இன்றுவரை ஏற்கவில்லை. எங்கள் மைதானமான ஃபென்வே பார்க்கில் டிக்கெட் என்ன விலை விற்கிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அத்தனை பேரின் பணம் கொட்டுகிற அணி, தானே வளர்த்தெடுத்த ஒருவரை வரிக்குப் பயந்து விடக் கூடாது. அந்த ஜூலையிலேயே டாட்ஜர்ஸ் அவரோடு 12 வருஷம், 36.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் வென்றது. 2024லும் 2025லும் மறுபடி வென்றது. எங்கள் பக்கம் வந்த மூவரில் அலெக்ஸ் வெர்டூகோ 4 சீசன் நன்றாகவே ஆடினார், பிறகு எங்கள் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். பெரிதாகப் பேசப்பட்ட ஜெட்டர் டவுன்ஸ் 2022ல் சில ஆட்டங்களோடு சரி. யாரும் அதிகம் பேசாத கேட்சர் (பிட்சர் எறிவதைப் பிடிப்பவர்) கானர் வாங்தான் கடைசியில் நிலைத்தார்.

அந்த ட்ரேடு இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. முதலில் வெளியான செய்தி மூன்று அணிகள் சேர்ந்த ட்ரேடு. மினசோட்டாவில் இருந்து புருஸ்டார் கிராட்டரோல் என்ற இளம் பிட்சர் பாஸ்டனுக்கு வருவதாக இருந்தது. அவருடைய மருத்துவ விவரங்களைப் பார்த்த ரெட் சாக்ஸ் தயங்கியது, பேச்சு மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. கடைசியில் அறிவித்த ட்ரேடின் வடிவமே வேறு. நடுவில் கழிந்த நாட்களில், ஒருவேளை மூக்கி போகமாட்டாரோ என்று நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

உடல் பரிசோதனை முடிந்து அணி தானே அறிவிக்கும் வரை எதுவும் உறுதி இல்லை. இதற்குக் கார்லோஸ் கொரேயாவைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 2022 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு 13 வருஷம், 35 கோடி டாலர் என்று பேசி முடித்தார். பரிசோதனையில் சிக்கல் வந்து அது நின்றது. உடனே நியூயார்க் மெட்ஸோடு 12 வருஷம், 31.5 கோடி டாலர். அதுவும் பரிசோதனையில் நின்றது. ஜனவரியில் மினசோட்டாவோடு 6 வருஷம், 20 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஒரு மாசத்துக்குள் மூன்று ஊர் ரசிகர்கள் அவர் எங்கள் ஆள் என்று கொண்டாடியிருக்கிறார்கள்.

அடுத்த டிசம்பரில் ஷோஹெய் ஒஹ்தானி டொரன்டோவுக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு தனி விமானத்தை ஆயிரக்கணக்கான பேர் இணையத்தில் பின்தொடர்ந்தார்கள். இறங்கியவர் ஒரு கனடா தொழிலதிபர். மறுநாள் ஒஹ்தானி தானே அறிவித்தார்: டாட்ஜர்ஸ், 10 வருஷம், 70 கோடி டாலர். டொரன்டோ ரசிகர்கள் பட்ட அந்த வேதனை யாருக்கும் வரக் கூடாது.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். போகிறவர் பெயர், எதிர்ப்பக்க அணி, பதிலுக்கு வருகிறவர் பெயர் மூன்றும் இருந்தால்தான் அது செய்தி. பேச்சு சூடுபிடிக்கிறது, ஆர்வம் காட்டுகிறார்கள் என்று வருவதெல்லாம் படித்துவிட்டு விட்டுவிடலாம். பல சமயம் ஏஜென்டோ அணியோ விலையை ஏற்றுவதற்காகக் கசியவிட்டதாக இருக்கும். சீசன் நடுவில் ட்ரேடு செய்வதற்கான கெடு நெருங்கும்போது தெரிந்த நிருபர்களின் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாற்றிப் போலிக் கணக்குகள் முளைக்கும். அதனால் கணக்கின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. அணியோடு ஊர் ஊராகப் போகிற நிருபர்கள் இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் ஓரளவு நம்பலாம்.

வதந்தி அந்த ஆட்டக்காரரின் காதிலும் விழும், இதை நாம் மறந்துவிடுகிறோம். 2015 ஜூலையில் மெட்ஸ் அணியின் வில்மர் ஃப்ளோரஸ் தன்னைக் கொடுத்துவிட்டார்கள் என்பதை ஆட்டத்தின் நடுவே ரசிகர்கள் மூலம் அறிந்து, களத்தில் நின்றபடியே அழுதார். 16 வயதில் இருந்து அந்த அணியில் இருந்தவர். அந்த ட்ரேடு கடைசியில் நடக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து கூடுதல் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை வென்றுகொடுத்து, சட்டையில் இருந்த அணியின் பெயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு யார் பெயரையும் போட்டுக் கத்தாதே என்று என் மகனுக்குச் சொன்னது அவருடைய அழுகையைக் காட்டித்தான்.

சரி, ரஃபேல் டெவர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தக் கணக்கு கைகொடுக்காத இடம் அது. 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, தந்தையர் தினம். மத்தியானம் யாங்கீஸை 2-0 என்று சாய்த்து அந்தத் தொடரையே முழுதாக அள்ளியிருந்தோம். டெவர்ஸ் ஒரு ஹோம் ரன் அடித்திருந்தார். வீட்டில் பாயசம் வைத்து, மகன் அவன் அப்பாவுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஃபோன் அடுத்தடுத்து அதிரத் தொடங்கியது. நான் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவன் கேட்டான்: "யாரைம்மா குடுத்துட்டாங்க?"

டெவர்ஸ் என்று சொன்னதும் அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். அன்று காலையில் இருந்து அவன் போட்டிருந்தது டெவர்ஸின் 11ஆம் எண் ஜெர்சி. "யாங்கீஸை ஜெயிச்ச அன்னைக்கே ஏம்மா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் அப்பாதான், "சாப்பிட்டுட்டு வா, ரெண்டு பேரும் அவரோட பழைய ஆட்டத்தைப் பாக்கலாம்" என்று அழைத்துப்போனார். 2017ல் 20 வயதுப் பையனாக யாங்கீ ஸ்டேடியத்தில் யாங்கீஸ் பிட்சர் சாப்மன் மணிக்கு 103 மைல் வேகத்தில் எறிந்த பந்தை டெவர்ஸ் வெளியே அனுப்பியதை இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். குழந்தையிடம் இப்படிப்பட்ட செய்தியைச் சொல்ல நேர்ந்தால் இதையே செய்யுங்கள். ட்ரேடு நல்லதா கெட்டதா என்ற வாதத்தை அன்று ராத்திரி தொடங்காதீர்கள்.

டெவர்ஸுக்கு 2033 வரை ஒப்பந்தம் இருந்தது. 10 வருஷம், 31.35 கோடி டாலர் என்று 2023 ஜனவரியில் போட்டது. பெட்ஸையும், அப்புறம் ஸாண்டர் போகார்ட்ஸையும் இழந்த எங்களுக்கு, இவராவது இருப்பார் என்ற ஆறுதல் அந்தக் கையெழுத்தில் கிடைத்தது. 2025 தொடக்கத்தில் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்து, டெவர்ஸ் காத்துவந்த தர்ட் பேஸ் இடத்தை அவருக்குத் தந்தார்கள். டெவர்ஸ் பேட்டிங் மட்டும் செய்தால் போதும் என்றார்கள். அது அவர் மனசைப் புண்படுத்தியது. மே மாசம் ஃபர்ஸ்ட் பேஸ் ஆடிவந்த டிரிஸ்டன் காசஸ் முழங்காலில் அடிபட்டு விழுந்ததும், அந்த இடத்தில் ஆட முடியுமா என்று டெவர்ஸையே கேட்டார்கள். முடியாது என்றார். அடுத்த மாசமே ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதி 25 கோடி டாலருக்கு மேல் அவர்கள் பொறுப்பு.

என் கருத்தில் தவறு நிர்வாகத்தின் பேச்சில்தான் ஆரம்பித்தது. ஒருவருடைய இடத்தை மாற்றப்போகிறோம் என்றால் அதை முதலில் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஐம்பது வருஷத்துக்கு மேலாக ரெட் சாக்ஸ் பார்ப்பவர், இதற்கு நேரெதிர்: அத்தனை பணம் வாங்குகிறவர் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்பார். வேலி ஓரத்தில் நின்று இருவரும் நிறையப் பேசியாகிவிட்டது. அந்த வருஷம் அணி 89 ஆட்டங்கள் வென்று பிளேஆஃபுக்குப் போனது, அது அவர் பக்கத்து வாதம். அங்கே யாங்கீஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் 4-0 என்று தோற்றோம், அது என் பக்கத்து வாதம். அன்று எங்களை அடக்கிய பிட்சர் கேம் ஷ்லிட்லர் எங்கள் மாசச்சூசெட்ஸின் வால்போல் ஊர்ப் பையன். அது வேறு வலி.

ஜெர்சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை அதிகம். ரெட் சாக்ஸ் சொந்த மைதானத்தில் போடுகிற வெள்ளைச் சட்டையில் முதுகில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வாங்கினால் அதை வாங்குங்கள். ஆள் போனாலும் சட்டை வீணாகாது. 11 எண்ணுக்கு டெவர்ஸுக்கு முன்பே ஒரு வரலாறு இருக்கிறது. 2004ல் அதைப் போட்டவர் தர்ட் பேஸ்மன் பில் மில்லர். அந்தக் கதையைக் கேட்ட பிறகு மகன் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

2004 ஜூலை 31. நோமார் கார்சியபாராவைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்த நாள். இரண்டு முறை பேட்டிங் பட்டம் வென்ற ஷார்ட்ஸ்டாப், ஊரே கொண்டாடியவர். ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது. அன்று தன் அம்மா சமையலறையில் அழுததைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னும் சொல்வார். அதே நாள் ஒரு சின்னச் செய்தியும் வந்தது: டாட்ஜர்ஸில் இருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரரை ஒரு மைனர் லீக் ஆட்டக்காரருக்குப் பதிலாக வாங்கியிருக்கிறார்கள். நோமார் போன துக்கத்தில் அதை யார் கவனிப்பார்கள்?

அக்டோபரில் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் யாங்கீஸ் எங்களுக்கு எதிராக 3-0 என்று முன்னிலை. நாலாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று பின்தங்கியிருந்தோம். எறிபவர் மரியானோ ரிவேரா. கெவின் மில்லார் வாக் (நாலு தவறான எறிகளுக்குக் கிடைக்கும் இலவச இடம்) வாங்கி ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸை இறக்கினார்கள். அவர் ஓடப்போகிறார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், ரிவேராவுக்கும் தெரியும். ரிவேரா எறியும் நேரத்தில் ஓடினார், செகண்ட் பேஸைத் திருடினார். பில் மில்லர் நடுவில் அடித்த பந்தில் ராபர்ட்ஸ் ஓடிவந்து சமன் செய்தார். அந்த ஆட்டத்தையும் தொடரையும் வென்று, 86 வருஷத்துக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸும் வென்றோம். அந்த ராபர்ட்ஸ்தான் பிற்காலத்தில் டாட்ஜர்ஸின் மேனேஜர் ஆகி பெட்ஸை ஆடவைப்பவர்.

இதனால்தான் பெரிய பெயர்களுக்குக் கீழே ஒரே வரியில் வருகிற செய்திகளை நான் விடாமல் படிக்கிறேன். மேஜர் லீக் ரோஸ்டரில் 26 பேர், அதை உள்ளடக்கிய பெரிய பட்டியலில் 40 பேர். 40க்குள் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்றால் இன்னொருவரை எடுக்க வேண்டும். அப்படி எடுக்கப்பட்டவரை 7 நாளுக்குள் ட்ரேடு செய்ய வேண்டும், அல்லது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். யாரையாவது திடீரென்று அந்தப் பட்டியலில் இருந்து எடுக்கிறார்கள் என்றால் வேறு யாரோ வரப்போகிறார்கள். வதந்தியைவிட நம்பகமான அடையாளம் இது.

இளம் ஆட்டக்காரர்களைப் பற்றி மதிப்பெண் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வயசு என்ன, எந்த நிலையில் ஆடுகிறார் என்று பாருங்கள். தன்னைவிட மூத்தவர்களோடு ஆடி, ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆவதற்கு ஈடாக வாக் வாங்குகிறவர் தேறிவிடுவார். அதைவிட நல்லது நேரில் போவது. எங்களுக்கு வொர்செஸ்டர் பக்கம்தான். மேஜர் லீகுக்கு அடுத்த நிலை அணி அங்கே ஆடுகிறது, ஃபென்வே டிக்கெட் விலையில் குடும்பமே பார்த்துவிடலாம். 2024 கோடைக் கடைசியில் கேட்சர் கைல் டீலை அங்கே பார்த்தோம். தடுமாறிக்கொண்டிருந்த பிட்சரிடம் எழுந்துபோய், முகமூடியைக் கழற்றிவிட்டு, தோளில் கை வைத்து நிதானமாகப் பேசிவிட்டு வந்தார். எனக்கு அப்போதே பிடித்துப்போனது. டிசம்பரில் அவரையும் இன்னும் மூன்று பேரையும் சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்து பிட்சர் காரெட் குரோஷேயை வாங்கினார்கள்.

வலித்தது, ஆனாலும் நல்ல ட்ரேடு என்று அன்றே சொன்னேன், ஒரு நிபந்தனையோடு. குரோஷேக்கு ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் 2 வருஷம்தான் இருந்தது. நீண்ட ஒப்பந்தம் போட்டால்தான் கொடுத்த விலைக்குத் தகும். 2025 சீசன் தொடங்கிய கையோடு 6 வருஷம், 17 கோடி டாலருக்குப் போட்டார்கள். அந்த வருஷம் 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக்அவுட். ஆகஸ்டில் ரோமன் ஆண்டனிக்கும் 8 வருஷம், 13 கோடி டாலர். ஜூனில்தான் மேஜர் லீகுக்கு வந்த பையன் அவர். பெட்ஸுக்குச் செய்திருக்க வேண்டியதை இப்போது செய்கிறார்கள்.

போனவர்கள் திரும்பி வரும்போது எழுந்து நின்று கைதட்டுங்கள், எந்த அணிச் சட்டையில் வந்தாலும். 2023 ஆகஸ்டில் பெட்ஸ் முதல்முறையாக டாட்ஜர்ஸ் சட்டையில் ஃபென்வேக்கு வந்தபோது, அவர் பேட் பிடித்து நடந்துவரும் முன்பே மைதானம் முழுக்க எழுந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி எல்லாப் பக்கமும் காட்டினார். எனக்கு முன் வரிசையில் ஒரு தாத்தா கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். தொடரின் கடைசி நாள் பெட்ஸ் எங்களுக்கு எதிராகவே ஹோம் ரன் அடித்தார், அதற்கும் தட்டியவர்கள் இருந்தார்கள்.

ஜயன்ட்ஸ் ஃபென்வேக்கு வரும் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது தர்ட் பேஸ் பக்கம் வேண்டாம் என்று மகன் சொல்லியிருக்கிறான். டெவர்ஸ் அங்கே போய் ஃபர்ஸ்ட் பேஸ் ஆட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்து பார்க்க ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம்தான் வசதியாம்.